கடல் பாக்க ஏறின மலை

மலைன்னா எனக்கு ஆகவே ஆகாது. போன வருஷம் புள்ளைங்க எல்லாம் சேந்து வேன் பேசி ஏற்காடு போனாங்க. வாம்மா, வாம்மான்னு கெஞ்சினாங்க. நான் அசையலையே. "நல்லவாட்டுக் கடக்கரையில பொறந்தவ மலை ஏறி இன்னா கிழிக்கப் போறா, போங்கடா"ன்னு அனுப்பி வெச்சிட்டேன். திரும்பி வந்து போட்டோ காட்டினாங்க. பெரிய பேரன் ஒரு பாறை நுனியில நின்னு கையை விரிச்சிகினு பல்லைக் காட்டறான். அவனை இழுத்து வெச்சி ரெண்டு சாத்து சாத்தணும் போல இருந்துச்சு. போட்டோவைத் திருப்பிக் குடுத்துட்டு மொளகா கிள்ள உக்காந்துட்டேன்.

எனக்கு ஏறத் தெரியாதுன்னு அதுங்க நெனச்சிகினு இருக்குதுங்க. நான் ஏறியிருக்கேன்டா. ஒரே ஒரு தடவ, பருவதமலை. சங்கிலியைப் புடிச்சி, கடப்பாரை மேல கால் வெச்சி, இனிமே ஏற எடமே இல்லைன்ற உச்சி வரைக்கும் போயிருக்கேன். போனது சாமி பாக்க இல்ல, கடல் பாக்க. கடல் எங்க வூட்டு வாசல்லயே கெடந்துச்சு. அதை வுட்டுட்டு ஒரு நாள் முழுக்க பஸ்ஸு ரயிலுன்னு போய், மலை ஏறி கடல் பாத்த கூமுட்டைங்க ஒலகத்துலயே நாங்க மூணு பேராத்தான் இருக்கும். நானு, எங்க அக்கா, எங்க நைனா.

பாண்டியில பிரெஞ்சுக்காரன் கொடியை எறக்கிட்டுப் போய் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ ஆயிருந்துச்சு. எனக்கு அப்ப பதினேழு வயசு. அக்கா என்னை விட நாலு வயசு பெரியவ, கல்யாணமாகி தெக்குத் தெருவுல குடித்தனம் பண்ணிகினு இருந்தா. அவ புருஷனை நான் மாமான்னு கூப்புடுவேன். கட்டுமரம் தள்ளறவரு. நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம். கடல்ல பாத்ததை எல்லாம் வந்து பொண்டாட்டிகிட்ட அளப்பாரு. அக்கா நம்பாத மாதிரி மூஞ்சை வெச்சிகினு அத்தனையும் கேட்டுப்பா.

எங்க நைனா வேற மாதிரி ஆளு. வயசு காலத்துல கடலுக்குப் போனவருதான், அப்பால அவருக்கு ஊர்ல வேற வேலை குடுத்திருந்தாங்க. கரையில மணல் மேடு ஒண்ணு இருக்கும். பெரிய வலை போடற காலத்துல அவரு அது மேல ஏறி நின்னு தண்ணி நெறத்தைப் பாப்பாரு. மீனு கூட்டமா வந்தா அந்த எடம் மட்டும் கருத்துப் போயி, மேல சிலிசிலிப்பா ஒரு ஓட்டம் இருக்கும். எங்க ஊர்ல அதை மாப்புன்னு சொல்லுவாங்க. மாப்பு வடக்கால போவுதா தெக்கால போவுதான்னு பாத்து, நைனா துண்டை வீசுவாரு. துண்டு போற பக்கம் வலை போவும். கடல் விஷயத்துல அவரு ஒண்ணு சொன்னா நாட்டாரே மறுத்துப் பேச மாட்டாரு. நாட்டாருன்னா எங்க ஊருக்குப் பெரிய தலை.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குக் கண்ணுல பூ விழுந்துடுச்சு.

ரெண்டு கண்ணுலயும், மெதுமெதுவா. கிட்டக்க இருக்கற ஆளு மூஞ்சி ஒரு மாதிரி தெரியும், தூரம் சுத்தமா போச்சு. ஊருக்குத் தெரிஞ்சா மேட்டு மேல வேற ஆளை ஏத்திடுவாங்க. அதைவிட மானம் போயிடும்னு நைனாவுக்கு. அதனால கஞ்சி கொண்டுபோற சாக்குல நான் அவரு பக்கத்துல போய் நிப்பேன். என் கை அவரு கைக்குள்ள இருக்கும். மாப்பு வடக்கால இருந்தா அவரு உள்ளங்கையில ஒரு அமுத்து. தெக்கால இருந்தா ரெண்டு அமுத்து. கடல்ல ஒண்ணும் இல்லைன்னா நான் என் கையை இறுக்கி மூடிக்கணும். அவ்ளோதான் எங்க பாஷை. ரெண்டு வருஷம் இப்படியே ஓட்டினோம். எங்க அம்மாவுக்குத் தெரியும், வேற யாருக்கும் தெரியாது. அக்காகிட்டகூட மூச்சு வுடல. அவ புருஷன் காதுக்குப் போனா கரை முழுக்கப் போயிடும்னு நைனாவுக்குப் பயம்.

ஐப்பசி கடைசியில ஒரு நாளு நான் தீட்டுன்னு வூட்டுக்கு வெளிய ஒதுங்கிக் கெடந்தேன். அன்னைக்கு விடியக்காலைல மாமா மேட்டுப் பக்கம் வந்து, "கடல் எப்படி மாமா, போலாமா?"ன்னு நைனாவைக் கேட்டிருக்காரு. நைனா காத்தை மட்டும் மூஞ்சில வாங்கிப் பாத்துட்டு, "போங்கப்பா, ஒண்ணும் பண்ணாது"ன்னுட்டாரு. மாமாவும் அவரு சித்தப்பா மவனும் ஒரு கட்டுமரத்துல போனாங்க. இன்னும் ஆறேழு மரம் போச்சு. உச்சி வெயிலுக்கு முன்னாடி வானம் இருட்டி, வாடைக் காத்து சுருட்டிகினு அடிச்சிது. மத்தவங்க எல்லாம் அடிச்சிப் புடிச்சி கரைக்கு வந்துட்டாங்க. இவங்க ரெண்டு பேரும் வரல. மூணாம் நாளு சித்தப்பா மவன் உடம்பு தாழங்குடா பக்கம் ஒதுங்குச்சு. மாமா உடம்பு கெடைக்கவே இல்ல.

நான் மேட்டுல நின்னிருந்தா மட்டும் வடக்கு மூலையில கருமேகத்தைப் பாத்திருப்பேனா? தெரியாது. பாத்து நல்லாத்தான் இருக்குன்னு சொன்ன ஆளுங்களும் அன்னைக்குக் கடலுக்குப் போனாங்க. யாரும் நைனாவைக் கொறை சொல்லல. நைனா மட்டும் ஒரு வாரம் சோத்துல கை வெக்கல.

எங்க ஊர் வழக்கம் என்னன்னா, கடலுக்குப் போனவன் உடம்பு கெடைக்கலைன்னா ஒரு மண்டலம் காத்திருப்பாங்க. அதுக்குள்ள வந்தா வந்தான். வரலைன்னா அவன் வேட்டியை வெச்சி காரியம் பண்ணி, பொண்டாட்டி தாலியைக் கழட்டிடுவாங்க. பொறப்பு சாவு எழுதற மேரி ஆபீஸுல போய்க் கேட்டதுக்கு, உடம்பு இல்லாம சாவு எழுத முடியாதுன்னு சொல்லிட்டாங்க. காகிதத்துல அவரு உசுரோட இருக்காரு, ஊர்ல செத்துட்டாரு. அக்கா ரெண்டுக்கும் நடுவுல தாலியைக் கெட்டியா புடிச்சிகினு உக்காந்திருந்தா. "உடம்பு வந்துச்சா? வரல இல்ல? அப்ப எவனும் என் கழுத்துல கை வெக்கக்கூடாது." இதைத்தான் திரும்பத் திரும்ப சொன்னா. நாளு மட்டும் ஒண்ணொண்ணா போய்கினு இருந்துச்சு.

அவ சும்மாவும் உக்காரல. ஒரு நாளு என்னை இழுத்துகினு கடலூர் கேப்பர் மலைக்குப் போனா. மலைன்னு பேருதான், செம்மண் மேடு அது. எங்க ஆளுங்க கடல்ல வழி தெரிய அந்த மேட்டையும் பாண்டி லைட் ஹவுஸையும்தான் குறி வெப்பாங்க. அது மேல நின்னு பாத்துட்டு அக்கா என் தோளைப் புடிச்சி உலுக்கினா. "அடியே, பாருடி! கரையிலேருந்து பாத்தா தெரியாத கட்டுமரம் எல்லாம் இங்கேருந்து தெரியுதுடி!" வாஸ்தவம்தான். தூரத்துல மூணு மரம் எறும்பு மாதிரி தெரிஞ்சிது. அவளுக்கு அது போதும்.

"இந்தக் குட்டி மேட்டுக்கே இவ்ளோ தெரிஞ்சா பெரிய மலை மேலேருந்து எவ்ளோ தெரியும்!"

பெரிய மலை எங்கடி இருக்குன்னு நான் கேக்கல. எனக்கே தெரியும். மாமா முன்னாடியே சொல்லியிருக்காரு. நல்லா மழை பெஞ்சி வெறிச்ச விடியக்காலைல ஆழத்துலேருந்து மேக்கால பாத்தா, கேப்பர் மலைக்கும் பின்னால, ரொம்ப ரொம்ப பின்னால, நீலமா ஒரு கூம்பு எழும்பி நிக்குமாம். வெயில் ஏறினா மறைஞ்சி போயிடுமாம். அது பருவதமலைன்னு யாரோ பெரியவங்க அவருக்குச் சொல்லியிருக்காங்க. அக்கா அப்ப, "மலையா மேகமா, நல்லா கண்ணைத் தொடச்சிகினு பாத்தியா?"ன்னு கிண்டல் பண்ணினா. இப்ப அதே பேச்சைப் புடிச்சிகினா. கடல்லேருந்து மலை தெரிஞ்சா, மலையிலேருந்து கடல் தெரியணும் இல்ல? மரம் ஒடைஞ்சி ஒரு கட்டையைப் புடிச்சிகினு எங்கயாவது மெதந்துகினு இருந்தா? இல்ல எந்தத் திட்டுலயாவது ஒதுங்கிக் கெடந்தா? மேலேருந்து பாத்தா தெரியாதா?

இன்னைக்கு இதைக் கேட்டா சிரிப்பீங்க. கரையிலயே பொறந்து வளந்தவங்களுக்கு இது சிரிப்பு இல்ல. ஏறினா தூரம் தெரியும், இன்னும் ஏறினா இன்னும் தூரம் தெரியும். எங்களுக்குத் தெரிஞ்ச படிப்பு அவ்ளோதான். மெதந்து எத்தனை நாளு ஒருத்தன் உசுரோட இருப்பான்னு கேக்க வேண்டியவரு நைனா. அவரு கேக்கல. 'போங்கப்பா'ன்னு சொன்ன வாய் அவருது.

அக்கா நைனா கால்கிட்ட வந்து உக்காந்தா. "உன் கண்ணுக்குத் தெரியாதது கடல்ல ஏதாவது இருக்கா நைனா? நீ வந்து மேல நின்னு ஒரே ஒரு தடவ பாத்துச் சொல்லு. ஒண்ணும் இல்லைன்னு நீ சொல்லிட்டீன்னா நானே வந்து கழுத்தைக் காட்டறேன்."

நைனா தலையைத் தூக்காமலே, "போலாம்மா"ன்னாரு. அப்பால என் பக்கமா மூஞ்சைத் திருப்பி, "இவளும் வரட்டும், வழிக்குத் தொணையா"ன்னாரு. அம்மா முந்தானையால வாயைப் பொத்திகினு உள்ள போயிட்டா. நாட்டாருகிட்ட சொன்னதுக்கு, "போய்ட்டு வாங்க. காரியத்து நாளு மட்டும் தள்ளிப் போவாது"ன்னுட்டாரு.

தவளக்குப்பம் வரைக்கும் நடந்து, பஸ்ஸுல பாண்டி போய், அங்கேருந்து விழுப்புரத்துக்கு ரயில் ஏறினோம். எனக்கு அதுதான் மொதல் ரயிலு. வில்லியனூர் தாண்டினதும் நைனா சோத்து மூட்டையை மடியில வெச்சி முடிச்சை அவுத்து விரிச்சி உக்காந்துகினாரு. முன்னாடி எல்லாம் அந்த எல்லையில சுங்கக்காரன் ஏறி மூட்டை முடிச்சைக் கொட்டிப் பாப்பானாம். "இப்பதான் எல்லாம் ஒண்ணாயிடுச்சே நைனா, கட்டி வை"ன்னேன். அவரு கட்டல. யாரும் வந்து பாக்கல. விழுப்புரம் வர்ற வரைக்கும் மூட்டை அப்படியே தொறந்து கெடந்துச்சு.

அந்த மூட்டையிலதான் வம்பு இருந்துச்சு. அம்மா பழக்க தோஷத்துல புளிச்சோறோட நெத்திலிக் கருவாடு வறுத்து வெச்சிருந்தா. ரயில் மாறி, திருவண்ணாமலையில எறங்கி, பஸ்ஸுல போய் மலையடிவாரத்துல ஒரு மண்டபத்துல படுத்தோம். அந்த ஊருக்குப் பேரு கடலாடி. கடலுக்கும் அந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அக்கா மட்டும் பேரைக் கேட்டதுலேருந்து மூஞ்சி தெளிஞ்சி போய், "பாத்தியா, பாத்தியா"ன்னுகினே இருந்தா. விடியறதுக்கு முன்னாடி மலை ஏற வந்த கூட்டத்துல, போளூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தங்க மூக்கைப் பொத்திகினு எங்ககிட்ட வந்தாங்க. "இன்னாடி இது கவிச்சி? சிவன் மலைக்குக் கருவாடா கட்டிகினு வந்திருக்கீங்க? அடி ஆத்தே, மலை புரண்டுடப் போவுது!"

கூட்டமே திரும்பிப் பாத்துச்சு. எனக்கு நாண்டுக்கலாம் போல இருந்துச்சு. வேற நாளா இருந்தா அக்கா அந்த அம்மாவை ஒரு புடி புடிச்சிருப்பா. அன்னைக்கு கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்துப் போய் ஒரு புளியமரக் கெளையில கட்டிட்டு வந்து, கையை மண்ணு போட்டுத் தேய்ச்சித் தேய்ச்சிக் கழுவினா. அதைப் பாத்து அந்த அம்மாவுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. இன்னா வேண்டுதல்னு கேட்டாங்க. "என் வூட்டுக்காரரைப் பாக்கப் போறேம்மா"ன்னா அக்கா. புருஷன் சாமிக்கு மாலை போட்டு முன்னாடியே ஏறிட்டான் போலன்னு அவங்க நெனச்சிகினாங்க. "போ, போ, மேல இருப்பான்"ன்னாங்க. இன்னா வார்த்தை சொல்லிட்டாங்க பாருங்க. அக்கா அதுக்கப்பறம் நிக்கவே இல்ல.

மொதல்ல படிக்கட்டு, அப்பால காட்டுப் பாதை. மணல்ல நடந்த காலு எங்களுக்கு. கல்லு குத்தினா தாங்காது. ரெண்டு பக்கமும் மூங்கில், கொரங்குங்க உர்ருனு மொறைக்குது, மார்கழிப் பனி மூஞ்சில ஈரமா அப்புது. அக்கா ஒரு பனை தூரம் முன்னாடியே போய்கினு இருந்தா. நைனா என் தோள்மேல கை வெச்சிகினு வந்தாரு. "கல்லு நைனா, பள்ளம் நைனா, வேரு நைனா"ன்னு நான் முணுமுணுத்துகினே வந்தேன். வயசான மனுஷன் மவளைப் புடிச்சிகினு வர்றாரேன்னு பாக்கறவங்க உச்சு கொட்டினாங்க. நெஜம் எனக்கும் அவருக்கும்தான் தெரியும்.

பாதி மலை ஏறினதும் எல்லாம் தலைகீழா மாறிடுச்சு. அங்க பாதையே கெடையாது. மொட்டைப் பாறை செவுரு மாதிரி நிக்குது. அதுல கடப்பாரையை அடிச்சி எறக்கியிருக்காங்க, புடிச்சிக்க சங்கிலி தொங்குது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒண்ணுமே இல்ல. கீழ பாத்தேன். பாத்திருக்கக் கூடாது. கடல் எவ்ளோ ஆழமா இருந்தாலும் அதுக்கு ஒரு தண்ணி இருக்கு, விழுந்தா நீந்தலாம். இங்க விழுந்தா இன்னா பண்றது? பாறையைக் கட்டிப் புடிச்சிகினு கண்ணை இறுக்கி மூடினவதான். "நான் வரல நைனா, என்னை வுட்டுடு, நான் வரல"ன்னு ஓன்னு அழுதேன்.

நைனாவுக்கு ஆழம் தெரியலையே, அவருக்கு இன்னா பயம்? வலைக்கயிறு இழுத்த கை அது. சங்கிலியை ரெண்டு தடவ சுண்டிப் பாத்தாரு, கெட்டியா இருக்குன்னாரு. எனக்குக் கீழ நின்னுகினு என் பாதத்தைக் கையால புடிச்சி, கடப்பாரையைத் தடவிக் கண்டுபுடிச்சி, ஒவ்வொண்ணா மேல தூக்கி வெச்சாரு. "வை. இன்னும் ஒண்ணு. வைம்மா." கண்ணு தெரியாத மனுஷன் கண்ணு தெரிஞ்ச என்னை ஏத்தி வுட்டாரு. நான் கண்ணைத் தொறக்கவே இல்ல. மேல போய்ப் பாத்துக்கலாம், மேல போய்த் தொறந்துக்கலாம்னு நெனச்சிகினேன்.

மேல போயும் என்னால தொறக்க முடியல. அதுதான் நடந்துச்சு.

உச்சியில ஒரு கோயில் இருக்கு. பூசாரி இல்ல. நாமளே சாமிக்கு எண்ணெய் ஊத்தலாம், பூ வெக்கலாம். எல்லாரும் அரோகரான்னு கத்திகினு அந்தப் பக்கம் ஓடின சத்தம் கேட்டுச்சு. நான் பாறை மேல குப்புறக் கெடந்தேன். காத்து என்னைப் பேத்துகினு போற மாதிரி அடிக்குது. அக்கா சாமி பக்கமே போவல, என்னைக் கவனிக்கவும் இல்ல. "ஒரே பனிமூட்டமா இருக்கு நைனா, வெள்ளையா இருக்கு, ஒண்ணும் தெரியல. இரு, விலகட்டும்"ன்ற அவ கொரலு மட்டும் கேட்டுச்சு. எவ்ளோ நேரம் இருந்தோம்னு தெரியல. முதுகுல வெயில் சுட ஆரம்பிச்சிது. "விலகுது, விலகுது!"ன்னு அக்கா கத்தினா. "ஏரி தெரியுது. அப்பால காடு மாதிரி. அப்பால இன்னும் ஏதோ… நைனா, எனக்குக் கண்ணு கூசுது, அந்தக் கோடி எனக்குத் தெரியல. நீ பாரு. வா, வந்து பாரு!"

நைனா காத்தை மூஞ்சில வாங்கிகினு நேரா கெழக்கால திரும்பி நின்னாராம். அக்கா அப்பால எத்தனையோ தடவ சொல்லியிருக்கா. "யாரும் சொல்லலடி, டக்குனு கடல் பக்கம் திரும்பிட்டாரு"ன்னு. காத்து எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு அவரு கன்னம் சொல்லிடும். மேட்டுல நிக்கற மாதிரியே நின்னிருக்காரு. அப்பறம் மெதுவா என் பக்கத்துல வந்து குந்தினாரு. காலு வலிக்குதேன்னு உக்கார்றாருன்னு அக்கா நெனச்சிருப்பா. அவரு கை தடவிகினு வந்து என் கையைத் தேடிப் புடிச்சிது.

எனக்குப் புரிஞ்சிது. இதுக்குத்தான் என்னைக் கூட்டிகினு வந்தாரு. அவரு உள்ளங்கை விரிஞ்சி காத்துகினு இருக்கு. ஒரு அமுத்தா, ரெண்டு அமுத்தா. காதுகிட்ட ரொம்ப மெல்லமா, "பாரும்மா"ன்னாரு.

என் கண்ணு தொறக்கல. தொறடி, தொறந்து தொலைடின்னு எனக்கு நானே சொல்றேன், எமை ரெண்டும் தைச்ச மாதிரி கெடக்கு. பயத்துல என் கை பாறை விளிம்பைப் புடிச்சிகினு இருந்துச்சு, நைனா எடுத்ததும் அது அப்படியே சுருண்டு, நகம் உள்ளங்கையில பதியற அளவுக்கு மூடிகிச்சு. விரிக்கணும்னு பாக்கறேன், விரிய மாட்டேங்குது.

நைனா கொஞ்ச நேரம் என் மூடின கையை அப்படியே வெச்சிகினு இருந்தாரு. மேட்டுல, மீனு இல்லாத நாள்ல வெச்சிருப்பாரே, அதே மாதிரி. அப்பறம் வுட்டுட்டு எழுந்தாரு.

"ஒண்ணும் இல்லம்மா"ன்னாரு. "கடல் சுத்தமா இருக்கு. ஒரு மரம் இல்ல, ஒரு கட்டை இல்ல. வெறும் தண்ணி."

இல்ல நைனா, நான் பாக்கல நைனான்னு சொல்ல வாய் வந்துச்சு. எப்படிச் சொல்றது? சொன்னா அவரு கண்ணு விஷயம் வெளிய வரும். அது வெளிய வந்தா அன்னைக்கு விடியக்காலைல 'போங்கப்பா'ன்னு சொன்னதும் சேந்து வெளிய வரும். அக்கா அங்கயே, அந்த உச்சியிலயே நின்னுகினு நைனாவைப் பாத்து என்ன கேப்பா? என்ன கேட்டாலும் அவரு தாங்குவாரா? சொல்லலைன்னா அக்கா கழுத்து. எனக்குப் பதினேழு வயசு. குப்புறக் கெடந்தேன்.

அக்கா அழல. "நீ சொன்னா சரி நைனா"ன்னா. அவ்ளோதான். போளூர் அம்மா விபூதி கொண்டாந்து எல்லாருக்கும் பூசினாங்க. "பாத்தியாம்மா உன் வூட்டுக்காரரை?"ன்னு கேட்டாங்க. "இல்லம்மா, இல்லையாம்"ன்னா அக்கா.

எறங்கும்போதும் என் பாதத்தை நைனாதான் புடிச்சி எறக்கினாரு. புளியமரத்துல கட்டின கருவாட்டைக் கொரங்கு தின்னுட்டு எலையை மட்டும் வுட்டு வெச்சிருந்துச்சு. ரயில்ல நைனா மூட்டையைத் தொறந்து வெக்கல. மூட்டையில ஒண்ணும் இல்ல.

ஊருக்கு வந்ததும் நாட்டாரு வூடு தேடி வந்தாரு. நைனா நிமிந்து உக்காந்து சொன்னாரு: "உச்சியில நின்னு பாத்தோம்யா. நம்ம கடல் மொத்தமும் தெரிஞ்சிது. ஒண்ணும் இல்ல." சாவற வரைக்கும் அப்படித்தான் சொன்னாரு. பொய் சொல்ற மனுஷன் இல்ல அவரு. என் கை சொன்னதைச் சொன்னாரு. அங்கேருந்து கடலே தெரியாதுன்னு எத்தனையோ பேரு எனக்குச் சொல்லிட்டாங்க. இருக்கலாம். தெரியும்னு சொல்றவங்களும் இருக்காங்க. எனக்குத் தெரியாது, நான் பாக்கல.

மண்டலம் முடிஞ்ச நாளு, மாமா வேட்டியை வெச்சி காரியம் ஆச்சு. பொழுது சாயறப்ப தாலி கழட்டற பொம்பளைங்க அக்காவைச் சுத்தி உக்காந்தாங்க. வேற பொண்ணா இருந்தா நாலு பேரு கையைப் புடிச்சி அமுக்கணும். அக்கா அவளே வந்து நடுவுல உக்காந்தா. அம்மாவால நிக்க முடியல, உள்ள போயிட்டா. நைனா வாசல்ல இருந்தாரு. நான்தான் அக்கா பின்னால அவளைத் தாங்கிப் புடிச்சிகினு இருந்தேன்.

கிழவி ஒருத்தி முடிச்சுல கை வெச்சா. அக்கா ஒரு நொடி அந்தக் கையைத் தடுத்துட்டு, தலையைத் திருப்பாமலே என் கையைத் தேடி எடுத்துகினா.

"நைனாவுக்கு வயசாயிடுச்சு"ன்னா, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி. "நீயும் அங்கதான இருந்த. நீ நல்லா பாத்த இல்லடி?"

என் கை அவ கைக்குள்ள மூடியே இருந்துச்சு.

"பாத்தேங்கா"ன்னேன்.

அக்கா கையை எடுத்துட்டு, முடிச்சு அவிழ்க்க தோதா கழுத்தைக் குனிஞ்சி குடுத்தா.